பிடி பாயும் திருக்குடையும்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை செல்கிறவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம்: பிடி பாய்க்குக் கை கொடுத்தவர்கள், இன்னும் கொடுக்காதவர்கள். முதல் வகையினர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார்கள். இரண்டாம் வகையினர் கைகளை வீசி நடப்பார்கள். அதுவும் அதிக நாள் நீடிக்காது.

கை குலுக்குவது மரியாதைக்காக என்று எண்ணியிருந்த எனக்கு, அது ஒரு பரிசோதனை என்று உணர்த்தியவர் அவர். எதிரே வந்து, முகம் மலர, "இன்னா சாமி, சௌக்கியமா?" என்று வலக்கையை நீட்டினார். நானும் நல்லெண்ணத்தோடு நீட்டினேன். கஜேந்திரனின் காலை முதலை பற்றியபோது அந்த யானை என்ன பாடு பட்டிருக்கும் என்று ஐம்பது ஆண்டுகளாக எத்தனையோ உபந்யாசங்களில் கேட்டிருக்கிறேன். உள்ளபடி விளங்கியது அந்தக் காலையில்தான். யானையாவது நெடுங்காலம் போராடிப் பார்த்தது. நான் இரண்டாம் நொடியிலேயே "ஆதிமூலமே" என்று கூவிவிட்டேன்.

"யாரு சாமி அது? கூட வந்தவரா?" என்று சுற்றிலும் பார்த்தார் பாய், கையை விடாமல்.

அவருடைய இயற்பெயர் ஏரிக்கரையில் ஒருவருக்கும் தெரியாது. ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் தொழில். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரை எந்த வீட்டில் எத்தனை அடியில் தண்ணீர் என்பதைப் படுக்கையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அறுபத்தெட்டு வயதில் தொழிலை விட்டார். தொழில் அவர் கைகளை விடவில்லை. உடம்பு ஒல்லி. முழங்கைக்குக் கீழே மட்டும், வேறு யாருக்கோ செய்ததைத் தவறுதலாக இவருக்குப் பொருத்திவிட்டது போலிருக்கும்.

கைப்பிடியில் அவருக்கு இத்தனை பற்று வந்த காரணத்தை அவரே சொன்னார்.

"செம்பாக்கத்துல ஒரு வூட்ல மோட்டார் தூக்கிகினு கீறோம் சாமி. கூட ஒருத்தன். தெனம் தாம்பரத்துலர்ந்து வண்டலூர் வரிக்கும் ஓடுவான், மானு மாதிரி. கயிறு வழுக்கிச்சு. நான் 'புடிடா புடிடா'ன்றேன். அவன் கை தானாத் தொறந்துகிச்சு. மோட்டாரு இன்னும் உள்ளதான் கீது. அன்னிக்கி முடிவு பண்ணேன், ஓடுற கால வெச்சி ஒரு மனுசன எடை போடக் கூடாதுன்னு."

மூடிப்போன ஒரு பிசியோதெரபி நிலையத்திலிருந்து கைப்பிடி அளக்கும் கருவி ஒன்று அவருக்குக் கிடைத்தது. கடிகாரம் போன்ற முகம், ஒரு முள், கீழே இரண்டு கம்பிகள். கம்பிகளைச் சேர்த்து அமுக்கினால் எத்தனை கிலோ என்று முள் சொல்லும். அதைச் சோற்றுப் பை ஒன்றில் வைத்து, விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் நேரே ஏரிக்கரைக்கு வந்துவிடுவார். கூடவே ஒரு நீள நோட்டு: பெயர், வயது, என்ன எக்சர்சைஸ், வலது, இடது.

அந்த நோட்டில் எங்கள் ஊரே அடங்கியது. நடப்பவர்களைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. "காலு நல்லாக் கீது, நெஞ்சு நல்லாக் கீது. கையி? சும்மா ஊஞ்சல் ஆடிகினு கூட வருது." கண்ணை மூடி அமர்ந்து மூச்சுப் பயிற்சி செய்கிறவர்களிடம் "மூச்சு கீது, புடி இல்ல" என்பார். உள்ளங்கையைத் தரையில் ஊன்றி ஆசனம் செய்கிறவர்களுக்கு முள் சற்று மேலே போயிற்று. அவர்களுக்கு ஒரு தலையசைப்பு. இறகுப்பந்து ஆடுகிறவர்களுக்கு வலக்கை உயர்வு, இடக்கை "வாடகைக்கு வந்த கையி". ஜிம்மில் இரும்பு தூக்குகிற பிள்ளைகள்தாம் பட்டியலில் முதலிடம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை ஒரு நாள் இடியாப்ப அக்கா தகர்த்தார். ஏரிக்கரை முனையில் தள்ளுவண்டி போட்டு, நாளெல்லாம் மர அச்சில் மாவைப் பிழிகிறவர். பாய் நீட்டிய கருவியை, பிழிந்த கையோடு வாங்கி ஒரு அமுக்கு அமுக்கினார். முள் போன இடத்தைப் பார்த்து ஜிம் பிள்ளைகள் மடித்துவிட்ட சட்டைக் கைகளை இறக்கிக்கொண்டார்கள்.

"இதுக்கா இத்தினி நாளா இவ்ளோ பேஜார் பண்ணிகினு இருந்த, பாய்?" என்று அக்கா கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஈட்டைப் பிழியப் போனார். எக்சர்சைஸ் என்ற கட்டத்தில் பாய் "இடியாப்பம்" என்று எழுதினார்.

அளவில் அவர் அரிச்சந்திரன். பல்லாவரத்திலிருந்து வந்த அவருடைய மச்சானுக்கு முள் இருபத்தொன்பதரையில் நின்றது. முப்பது என்று போடச் சொல்லி மச்சான் மன்றாடினார். "முள்ளு அங்க போவல மச்சான். நான் எப்பிடிப் போறது?" என்றார் பாய். அந்த ஆண்டுப் பெருநாளுக்கு மச்சான் வீட்டுப் பிரியாணி வரவில்லை. பாய் வருந்தினார், நோட்டைத் திருத்தவில்லை.

என் முறையும் வந்தது. திருநாமங்களைச் சொல்லிக்கொண்டு முழு மூச்சோடு அமுக்கினேன். பாய் முள்ளைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"ஆரம்பிக்கலாம் சாமி."

"முடித்துவிட்டேன், பாய்."

முள் பதினாறில் இருந்தது. நான் நாள்தோறும் ஏரியை ஐந்து முறை சுற்றுகிறவன், பிராணாயாமம் தவறாதவன், சனிக்கிழமைதோறும் திருநீர்மலை ஏறி ரங்கநாதனைச் சேவிக்கிறவன். இவற்றை எல்லாம் சற்றுக் கம்பீரமாகவே எடுத்துரைத்தேன்.

"மலை ஏறும்போது கைப்பிடிக் கம்பியப் புடிச்சிகினு ஏறுவீங்களா?"

"தொடவே மாட்டேன்."

"தொட்டிருந்தா கையாவது பொழைச்சிருக்கும்."

அந்தச் சொல் எனக்குத் தைக்கவில்லை. பகவானைக் கூப்பக் கை வேண்டும்; கூப்புவதற்குப் பதினாறு கிலோ தாராளம் என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானம் கருட சேவை வரை நீடித்தது.

எங்கள் பேட்டையில் சிறிய பெருமாள் கோயில் ஒன்று உண்டு. வீதிப் புறப்பாட்டின்போது பெருமாளுக்கு மேலே வெண்பட்டுத் திருக்குடை பிடிக்கும் கைங்கரியம் இருபத்தேழு ஆண்டுகளாக என்னுடையது. ஆளுயரத்துக்கு மேல் மூங்கில் காம்பு. உச்சியில் பித்தளைக் கலசம். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், உலகத்தில் எனக்கு வேறு பதவி எதுவும் தேவையென்று தோன்றியதில்லை. கோவர்த்தனத்தையே குடையாகப் பிடித்தவனுக்கு நாம் குடை பிடிக்கிறோம் என்கிற எண்ணம் போதும். அது அடுத்த ஆண்டு வரை தாங்கும்.

அந்த ஆண்டு கருட சேவைப் புறப்பாட்டில், மூன்றாம் தெரு முனையில் சிறு காற்று அடித்தது. காம்பு என் விரல்களுக்குள் மெல்லத் திரும்பியது, பிறகு சரிந்தது. பக்கத்தில் நின்ற தர்மகர்த்தாவின் தலைமேல் குடை கோழியைக் கவிழ்க்கும் கூடை போல இறங்கிற்று. ஒரு பாட்டு முடியும் நேரம் எங்களுக்குத் தர்மகர்த்தாவே இல்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

மறுநாள் ஏரிக்கரையில் தர்மகர்த்தா என்னை நிறுத்தினார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட செய்தியையும் நல்ல செய்தியையும் ஒரே தொனியில் சொல்லக்கூடியவர்.

"சுவாமி, கோச்சுக்கப்படாது. இது சென்டிமென்ட் விஷயம் இல்ல, சேஃப்டி விஷயம். அடுத்த வருஷத்துலேர்ந்து எங்க மாப்பிள்ளை குடை பிடிக்கட்டும். ஜிம்முக்குப் போற பையன்."

"காற்று பலமாக அடித்துவிட்டது" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. "காத்து இல்ல சாமி. கையி. நான் ரோட்டோரம் நின்னு பாத்துகினு தான இருந்தேன்."

தர்மகர்த்தா பாயைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். வங்கி மேலாளரின் முகம் தெளிந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு. சயின்டிஃபிக்காவே பாத்துடலாம். அடுத்த வருஷப் புறப்பாட்டுக்கு ஒரு மாசம் முன்னாடி ரெண்டு பேரையும் அளக்கலாம். யாருக்கு ஜாஸ்தியோ அவர் பிடிக்கட்டும்."

அவர் போன பிறகு நான் ஏரியைப் பார்த்தபடி நின்றேன். பாய் என் வலக்கையை எடுத்து, காய் வாங்குகிறவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கொடைய வுட்டா என்ன சாமி ஆவும்?"

"ஒன்றும் ஆகாது, பாய். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் குறையும்."

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "நாளைலர்ந்து வூட்ல துணி யாரு புழியறது?" என்று கேட்டார்.

அன்று தொடங்கியது என் தவம். ஈர வேட்டி, ஈரப் புடவை, ஜமுக்காளம் என்று வீட்டுத் துணி முழுவதையும் நான்தான் முறுக்கிப் பிழிய வேண்டும். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறி இறங்க வேண்டும்; வாளியின் பிடியில் துணி சுற்றக் கூடாது. என் மனைவி பாயைப் பற்றி அதுவரை நல்லதாகவோ கெட்டதாகவோ சொன்னதில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னாள்: "ஏன்னா, அந்த பாய் மகான். நாப்பது வருஷம் நான் சொல்லி நடக்காதது இப்போ நடக்கறது. தேங்கா துருவறதும் கைக்கு நல்லதான்னு கேட்டுண்டு வாங்கோ." கேட்டேன். மிக நல்லதாம்.

மூன்றாவது பயிற்சி தொங்குவது. ஏரிக்கரையில் குழந்தைகள் பூங்கா ஒன்று உண்டு. அதில் ஏணியைப் படுக்க வைத்தது போன்ற கம்பிச் சட்டம். பன்னிரண்டு திருமண் இட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சி இறுகக் கட்டி, அந்தக் கம்பியில் எழுபத்தொரு வயதில் தொங்கினேன். கீழே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். "தாத்தா, எங்க டர்ன்" என்று ஒரு சிறுமி என் வேட்டி நுனியை இழுத்தாள். அதை இழுக்க வேண்டாம் என்று மட்டும் பணிவோடு கேட்டுக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் தொங்கினேன் என்று அளக்கப் பாயிடம் கைக்கடிகாரம் இருந்தது. ஆனால் நான் கடிகாரத்துக்குத் தொங்கவில்லை, பாசுரத்துக்குத் தொங்கினேன். வாய் பாசுரம் சொல்லும்போது மனம் கையை மறந்துவிடும். சில நாளில் பாயும் கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டார். நோட்டில் "தொங்கல்: ஒண்ணரைப் பாட்டு" என்று எழுதத் தொடங்கினார்.

ஒரு நாள் மூன்று பாசுரம் தாண்டினேன். இறங்கி வெற்றிப் பார்வை பார்த்தேன். பாய் எழுதுகோலைத் திறக்கவில்லை.

"பாட்ட ஓட்றீங்க சாமி."

"என்ன?"

"நேத்து முதல் வரில ஒரு இழுப்பு இழுத்தீங்க. இன்னிக்கி அது இல்ல. கடேசில மூச்சே வுடாம ஓட்டிட்டீங்க. ரெண்டே காலுன்னுதான் போடுவேன்."

குருவின் பின்னால் சந்தை சொல்லிப் பழகி, அறுபது ஆண்டாகப் பாசுரம் பாடிய நாவை, ஒரு மோட்டார் மெக்கானிக் இசையில் திருத்தினார். திருத்தம் சரியாகவும் இருந்தது. மறுநாள் முதல் பதம் பிரித்து, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்துச் சொன்னேன். கோயில் கோஷ்டியில் என்னோடு பாசுரம் பாடும் பெரியவர்கள், "இப்போதெல்லாம் உம்முடைய பாசுரம் தனி அழகாக இருக்கிறது" என்றார்கள். தொங்கியதால் வந்தது என்று அவர்களிடம் சொல்லவில்லை.

அளக்கும் நாள் வந்தது. கோயில் வாசலில், தெருவில், தர்மகர்த்தாவும் அவர் மாப்பிள்ளையும் கோஷ்டிப் பெரியவர்கள் மூவரும் கூடினோம். மாப்பிள்ளை கணினி வேலை பார்க்கிறவர், நல்ல பிள்ளை, சட்டைக் கைகள் மட்டும் அவரைத் தாங்க முடியாமல் திணறும். அவர் அமுக்கினார்: நாற்பத்தாறு. நான் அமுக்கினேன். ஓராண்டுத் துணியும் வாளியும் தேங்காயும் அதில் இருந்தன. பாய் குனிந்து முள்ளைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக, ஒருவர் பொய் சொல்லமாட்டாரா என்று பெருமாள் சந்நிதிக்கு எதிரிலேயே ஏங்கினேன்.

"இருவத்தி மூணு" என்றார் பாய்.

"அப்போ சரி" என்றார் தர்மகர்த்தா. "நம்பர் சொல்லிடுத்து."

"நில்லுங்க சார். இது அமுக்குற கணக்கு. கொடை அமுக்குற வேலையா, புடிச்சிகினு நிக்கிற வேலையா? அத்தையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

புறப்பாட்டில் ஒவ்வொரு முனையிலும் கோஷ்டி ஒரு பதிகம் பாடி முடிக்கும்வரை பெருமாள் நிற்பார். குடையும் நிற்க வேண்டும். அதையே சோதனையாக வைத்தார்கள். முதலில் நான். குடையை விரித்துக் கொடுத்தார்கள். பெரியவர்கள் பாடத் தொடங்கினார்கள். நானும் கூடப் பாடினேன். ஐந்தாம் பாட்டில் முன்கை எரிந்தது. எட்டாம் பாட்டில் தோள் என்னிடம் விடை பெற்றது. பதிகம் முடிந்தபோது காம்பு நடுங்கியது, ஆனால் நின்றது.

அடுத்து மாப்பிள்ளை. "எவ்ளோ நேரம் மாமா?" என்று கேட்டார்.

"பத்துப் பாட்டு" என்றார் தர்மகர்த்தா.

அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பத்துப் பாட்டு முடிந்ததும், அவற்றைப் பாடுவதன் பலனைச் சொல்லும் பதினோராம் பாட்டு ஒன்று உண்டு. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

மாப்பிள்ளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே தூண் போல் நின்றார். பத்தாம் பாட்டின் கடைசிச் சொல் முடிந்தது. "வெரி குட், மாப்பிள்ளை" என்று தர்மகர்த்தா பாராட்டிக்கொண்டே அருகில் வந்தார். மாப்பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டார், உடல் தளர்ந்தது, விரல்கள் நெகிழ்ந்தன. கோஷ்டி பதினோராம் பாட்டை எடுத்தது. காற்றும் அப்போது பார்த்து வந்தது.

தர்மகர்த்தா இரண்டாம் முறையாக மறைந்தார்.

"தம்பி கையி பலந்தான் சார். நாப்பத்தாறு. அதுல சந்தேகமே இல்ல" என்று குடையைப் பார்த்துச் சொன்னார் பாய். "ஆனா எப்ப வுடணும்னும் தெரியணும்ல."

குடை இரண்டு முறை அசைந்தது. பிறகு வெண்பட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "சுவாமியே பிடிக்கட்டும்."

அன்று என் பெயருக்கு நேரே, எக்சர்சைஸ் கட்டத்தில் "துணி, பக்கெட்டு, தொங்கல்" என்று இருந்ததோடு, பாய் "பாட்டு" என்று ஒன்று சேர்த்தார்.

கருட சேவை அன்று மூன்றாம் தெரு முனையில் காற்று தவறாமல் வந்தது. குடை முறுக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தது. துணைக்கு வந்த மாப்பிள்ளை, "அங்கிள், நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டார். தர்மகர்த்தா எட்டடி தள்ளியே நடந்தார். நான் காம்பை இறுக்கினேன். ஈரப் புடவையாக நினைத்து இறுக்கினேன். நான்கு வீதியும் சுற்றிப் பெருமாள் வாசலுக்கு வந்து சேரும்வரை வெண்பட்டு அவர் திருமுடியை விட்டு ஒரு சாணும் விலகவில்லை.

வாசலில்தான் சங்கடம். குடையை இறக்கினால்தான் பெருமாள் உள்ளே எழுந்தருள முடியும். இறக்கக் கையைத் திறந்தேன், கை திறக்கவில்லை. விரல்கள் பத்தும் காம்போடு பிணைந்து, நான் சொல்வதைக் கேட்காமல் இருந்தன. மாப்பிள்ளை காம்பை இழுத்தார். காம்போடு நானும் வந்தேன். மேளக்காரர் ஒரே இடத்தை மூன்று முறை வாசித்துவிட்டார். "சுவாமி, விடுங்கோ" என்றார் தர்மகர்த்தா. இருபத்தெட்டு ஆண்டில் அந்தக் குடையை விடச் சொல்லி அவர் கேட்டது அது இரண்டாம் முறை. இந்த முறை விடத்தான் நினைத்தேன், முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. வலியால் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

எதிரே நீர்மோர்ப் பந்தலில் நின்றிருந்த பாய், தம்ளரை வைத்துவிட்டு வந்தார். கூட்டம் வழி விட்டது. அவர் கையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாட்டு முடிஞ்சிருச்சி சாமி" என்றார் காதருகில். "பதினொண்ணும் முடிஞ்சிருச்சி. வுடலாம்."

சுண்டு விரலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு விரலாக, துளசியைக் கொத்திலிருந்து ஆய்கிற பக்குவத்தில், வலிக்காமல், அவசரமில்லாமல் பிரித்தார். பத்தும் பிரிந்தபோது மாப்பிள்ளை குடையை வாங்கிக்கொண்டார். பெருமாள் உள்ளே எழுந்தருளினார். அந்தக் கைகளுக்கு அப்படியும் ஒரு தொடுகை தெரியும் என்பதை ஏரிக்கரையில் என்னைத் தவிர யாரும் அறியார்.

பாய் இப்போது ஆம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கருவியும் நோட்டும் அவரோடு போய்விட்டன. திருக்குடையை நானே மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டேன்; இப்போது அவர் பிடிக்கிறார். பதினோரு பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டார். நான் இன்னும் காலையில் துணி பிழிந்துவிட்டு ஏரியைச் சுற்றப் போகிறேன். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் மிக மென்மையாகக் கை குலுக்குகிறார்கள். என் வலக்கை நாள்தோறும் ஏமாந்து திரும்புகிறது.